33 கிராம் இரும்பின் விலை

39 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று பல ஆண்டு உழைத்து, நீலப் புகை கக்கி, எண்ணெய் குடித்து, எஞ்சின் கட்ட வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சிலிண்டர்களில் இதுவரை தேய்ந்துபோன இரும்பின் எடை என்ன? உள்விட்டம் 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 110 மில்லிமீட்டர். உட்சுவரின் பரப்பு சுமார் 30,700 சதுர மில்லிமீட்டர். மேல்முனையில் விட்டம் 0.25 மி.மீ பெருத்து, கீழே வரவரத் தேய்மானம் குறைந்து, சராசரி 0.10 மி.மீ என்று கொண்டால், சுவரிலிருந்து உரிந்த கனம் 0.05 மி.மீ. பரப்போடு பெருக்கினால் ஒன்றரை கன சென்டிமீட்டர். வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2. ஆக ஒரு சிலிண்டருக்கு 11 கிராம். இந்த எஞ்சினின் மூன்று சிலிண்டருக்கும் 33 கிராம்.

இந்த 33 கிராம் போனதற்குத்தான் அரை லட்சம் ரூபாய் செலவு. கிராமுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் வருகிறது. முதல் முறையாக ஒரு டீசல் எஞ்சினைப் பிரித்துக் கட்டப் போகிறவர், கடைக்காரர் எழுதித் தரும் துண்டுச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கிராம் கணக்கை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத அளவுகளுக்காகச் செலவழிக்கிறோம். அளந்து பார்க்காமல் வாங்கிப் போடும் எந்த உதிரிபாகத்தையும் நான் செலவு என்று சொல்ல மாட்டேன், அது இழப்பு.

நான் எழுதுவது மும்பையில் ஓடும் வண்டிகளை வைத்து. வயலே இல்லாத இந்த ஊரில் டிராக்டர் எதற்கு என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. சாலையைப் பெயர்க்கும் இடத்தில் முதுகில் ஏர் கம்ப்ரசரைச் சுமந்து மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது டிராக்டர். இடித்த கட்டடத்தின் கல்லையும் மண்ணையும் டிரெய்லரில் இழுப்பதும், தண்ணீர் டேங்கரை இழுப்பதும் அதுதான். தாராவி, செம்பூர்ப் பக்கம் பழைய கட்டடங்கள் இடிபட்டுப் புதிய கட்டடங்கள் எழும் இடங்களில் இந்த வண்டிகளுக்கு ஓய்வு குறைவு.

அதோடு, இந்த எஞ்சின் பிறந்த ஊர்களில் ஒன்று மும்பைதான். மகிந்திரா அண்டு மகிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து 1963-இல் இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை காந்திவலியில். முதலில் கட்டியது பி-275. அதன் மூலம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு; ஜாவெட் கார்கள் செய்த பழைய தொழிற்சாலையை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1954-இல் வாங்கி டிராக்டர் செய்யத் தொடங்கிய இடம். 1977-இல் இந்திய நிறுவனம் மகிந்திராவோடு இணைக்கப்பட்டது. நாட்டில் 1961-62-இல் கட்டப்பட்ட டிராக்டர்கள் மொத்தம் 880. 2022-23-இல் உள்நாட்டில் மட்டும் விற்றவை 9 லட்சத்துக்கு மேல். மகிந்திரா தன் முதல் 10 லட்சம் டிராக்டரை முடிக்க 2004 வரை ஆனது. அடுத்த 30 லட்சம் 2024-க்குள் வந்துவிட்டது. இத்தனை லட்சம் எஞ்சின்களும் ஒருநாள் ஏதோ ஒரு பட்டறைத் தரையில் பிரித்துப் போடப்பட வேண்டியவை.

பழைய பி-275-க்கு நான்கு சிலிண்டர். துளை 3 3/8 அங்குலம், ஓட்டம் 4 அங்குலம். கொள்ளளவு ஏறக்குறைய 2,345 கன செ.மீ, திறன் 35 குதிரை. நாம் கணக்குப் போடும், இன்று சாலையில் காணும் 275 டிஐ மூன்று சிலிண்டர், 2,048 கன செ.மீ, 39 குதிரை. லிட்டருக்கு 15 குதிரையாக இருந்தது 19 ஆகியிருக்கிறது. கொள்ளளவு குறைந்து வேலை கூடியிருப்பதால் பிழைக்கு இடமும் குறைந்திருக்கிறது. பழைய எஞ்சினில் மன்னிக்கப்பட்ட தளர்வு புதியதில் மன்னிக்கப்படாது.

88.9 மி.மீ என்ற எண்ணைச் சற்றுக் கவனியுங்கள். அது மிகச் சரியாக மூன்றரை அங்குலம். ஓட்டமோ 110 மி.மீ, சுத்தமான மெட்ரிக். ஒரே எஞ்சினுக்குள் இரண்டு அளவுமுறைகள் குடியிருக்கின்றன. இதில் பணம் போகும் வழி ஒன்று இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்தால் அதைக் கடைந்து சிறிதாக்கி, அதற்கேற்பத் தடித்த பேரிங் போடுவார்கள். படிகள் நான்கு: 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. அங்குலத்தில் பேசும் கடைகளில் இவையே 10, 20, 30, 40 தௌ. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. 10 தௌ என்பது 0.254 மி.மீ, வித்தியாசம் 4 மைக்ரான், கவலையில்லை. 40 தௌ என்பது 1.016 மி.மீ. கிராங்கை 1.00 மி.மீ கடைந்துவிட்டு 40 தௌ பேரிங்கை மாட்டினால் 16 மைக்ரான் இடைவெளி காணாமல் போகும். 60 மி.மீ ஜர்னலுக்கு, அதாவது கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதிக்கு, பொதுவாக விடும் இடைவெளியே 60 மைக்ரான்தான். அதில் கால்பங்குக்கு மேல் போனால் எண்ணெய்ப் படலம் மெலிந்து பேரிங் பிடிக்கும். கடைகிறவரும் பேரிங் விற்கிறவரும் ஒரே அளவுமுறையில் பேசுகிறார்களா என்று கேட்க ஒரு பைசா செலவில்லை.

இடைவெளி அதிகமானாலும் கேடுதான், அதன் கணக்கு இன்னும் கடுமையானது. பேரிங்கின் ஓரங்களில் கசியும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 60 மைக்ரான் 120 ஆனால் கசிவு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. ஆயில் பம்ப் தருவது அதே அளவு; எட்டு மடங்கு கசிவுக்கு அது எங்கே போகும்? மானியில் அழுத்தம் இறங்குகிறது. உடனே பம்ப்பை மாற்றுகிறார்கள், கெட்டியான ஆயிலை ஊற்றுகிறார்கள். அளந்திருந்தால் ஜர்னல் தேய்ந்திருப்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.

உழைப்பின் அளவையும் எண்ணிப் பார்ப்போம். நிமிடத்துக்கு 2,100 சுற்று என்றால் மணிக்கு 1,26,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் 220 மி.மீ பயணிக்கிறது, மணிக்கு 27.7 கி.மீ. 6,000 மணி நேரம் ஓடிய எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் 1,66,000 கி.மீ தேய்த்தபடி ஓடியிருக்கும். தாதரில் ரயிலேறிச் சென்னையில் இறங்கும் தூரம் சுமார் 1,300 கி.மீ, அந்தப் பயணத்தை 120 முறைக்கு மேல் போன தூரம் இது. அத்தனையும் சில மைக்ரான் எண்ணெய்ப் படலத்தின் மேல். உச்ச எரிவு அழுத்தம் 80 பார் என்று வைத்தால், 62 சதுர செ.மீ பரப்புள்ள பிஸ்டன் தலையில் ஒவ்வொரு எரிவிலும் விழும் விசை 5 டன். நிமிடத்துக்கு 1,050 முறை, ஒரு சிலிண்டருக்கு மட்டும். ஹெட் போல்ட்டைக் கைப்பழக்கத்தில் இறுக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று நான்கு தவணையில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அளவுக்கு வருவோம். மூன்று சிலிண்டர் எஞ்சினில் எடுக்க வேண்டிய எண்கள் எத்தனை? சிலிண்டருக்கு மேல், நடு, கீழ் என மூன்று உயரம். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. மூன்று சிலிண்டருக்கு 18. கிராங்கில் நான்கு மெயின் ஜர்னல், மூன்று கன்ராட் ஜர்னல், ஒவ்வொன்றிலும் இரண்டு இடம், இரண்டு திசை, 28. பிஸ்டனுக்கு மூன்று ரிங் என்றால் வாய் இடைவெளிகள் 9. ஆக 55 எண்கள். பழகிய கைக்கு ஒரு மணி நேரம். முதல் முறை செய்பவருக்கு அரை நாள். இந்த 55 எண்களும் ஒரு தாளில் எழுதப்படாத வரை ஒரு ரூபாய்ப் பொருள்கூட வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நீளவாக்கு அளவுக்கும் குறுக்குவாக்கு அளவுக்கும் உள்ள வேறுபாடு சிலிண்டர் நீள்வட்டமாகியிருப்பதைச் சொல்லும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு அது கூம்பாகியிருப்பதைச் சொல்லும். பிஸ்டன் குறுக்குவாக்கில்தான் சுவரில் சாய்கிறது. எரிவின் சூடும் அழுத்தமும் மேலேதான் உச்சம், எண்ணெய் அங்கே குறைவு. ஆகவே மேல், குறுக்கு என்ற அந்த ஓர் எண்ணே பெரும்பாலும் தீர்ப்பு எழுதிவிடும்.

போர் டயல் கேஜ் கையில் இல்லையா? ஒரு புதிய ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கைச் சிலிண்டரின் மேல்பகுதியில் பிஸ்டன் தலையால் தள்ளி நேராக வைத்து வாய் இடைவெளியைப் பாருங்கள். பிறகு தேயாத அடிப்பகுதிக்குத் தள்ளி மறுபடி பாருங்கள். விட்டம் எவ்வளவு கூடினாலும் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும். அங்குலத்துக்கு 4 தௌ என்ற பட்டறை விதிப்படி மூன்றரை அங்குலத் துளைக்கு வாய் இடைவெளி 14 தௌ, அதாவது 0.36 மி.மீ. சிலிண்டர் 0.25 மி.மீ தேய்ந்திருந்தால் இதோடு 0.79 சேர்ந்து 1.15 மி.மீ ஆகிவிடும். இரண்டு இடைவெளிகளின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் கூம்பின் அளவு கிடைத்தது. 'ரிங் மட்டும் மாத்திடலாம்' என்று சொல்கிறவரிடம் இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள். தேய்ந்த சிலிண்டரில் புதிய ரிங் போட்டால், ஒவ்வொரு ஓட்டத்திலும் மேலே விரிந்து கீழே சுருங்கி, பள்ளத்திலேயே நடுங்கி உடையும்.

மும்பைக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் எண்ணெய் பற்றுகிறது. அமுக்க விகிதம் 17 என்றால் தாள் கணக்கில் சூடு 500 பாகை செல்சியசைத் தாண்டும். சுற்றத் தொடங்கும் வேகத்தில், ரிங் வழியே காற்றுக் கசிந்து, சுவரும் குளிர்ந்திருக்கும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். பஞ்சாபின் ஜனவரிக் காலையில் தேய்ந்த எஞ்சின் கிளம்ப மறுக்கும். உரிமையாளருக்கு உடனே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மும்பையில் ஜனவரியின் சராசரிக் குறைந்தபட்சமே 17 பாகையை ஒட்டி. இங்குள்ள சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவானவற்றிலேயே மிகக் குறைவு 1962 ஜனவரியின் 7.4 பாகை. இங்கே தேய்ந்த எஞ்சினும் முதல் சாவியிலேயே கிளம்பிவிடும். 'நல்லாத்தானே ஸ்டார்ட் ஆகுது' என்ற திருப்தியில் நோய் முற்றுகிறது. இந்த ஊரில் கிளம்புவதை வைத்து எஞ்சினின் நலத்தை முடிவு செய்யக் கூடாது. பிரீதர் குழாயில் வரும் புகையையும், ஆயில் குச்சியில் குறையும் கோட்டையும், கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண்ணையும்தான் நம்ப வேண்டும்.

இனி ரூபாய்க் கணக்கு. கீழே இருப்பது இந்த அளவு எஞ்சினுக்கு என் மதிப்பீடு. கம்பெனி அசல் வாங்கினால் கூடும். பெயர் தெரியாத டப்பா வாங்கினால் குறையும். கூலி பட்டறைக்குப் பட்டறை மாறும்.

பிஸ்டன், ரிங், பின், லைனர் மூன்று செட்: 9,000
மெயின், கன்ராட் பேரிங், த்ரஸ்ட் வாஷர்: 3,500
கிராங்க் கடைதல்: 2,500
லைனர் ஏற்றுதல், போரிங், ஹோனிங்: 1,800
ஹெட் வேலை, ஆறு வால்வு, கைடு, சீட்டு: 5,000
கேஸ்கெட், ஆயில் சீல்: 2,200
டீசல் பம்ப் காலிப்ரேஷன், மூன்று நாசில்: 7,000
ஆயில் பம்ப், வாட்டர் பம்ப் வேலை: 3,000
ஆயில், இரண்டு முறை நிரப்ப 16 லிட்டர்: 4,800
வடிகட்டிகள் இரண்டு தடவை: 1,600
கூலன்ட், கழுவும் டீசல், சில்லறை: 1,600
பிரித்துக் கட்டும் கூலி: 8,000
அளவெடுப்பு, விரிசல் சோதனை: 1,000

மொத்தம் 51,000 ரூபாய். கடைசி வரியைப் பாருங்கள்: ஆயிரம் ரூபாய், மொத்தத்தில் 2 சதவீதம். பேரம் பேசும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான். மீதி 50,000 எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதை அந்த ஆயிரம்தான் தீர்மானிக்கிறது. அளந்து கட்டிய எஞ்சின் 6,000 மணி ஓடினால் செலவு மணிக்கு எட்டரை ரூபாய். குத்துமதிப்பாகக் கட்டி 1,500 மணியில் மறுபடி புகைந்தால் மணிக்கு 34 ரூபாய்.

இதே வகைப் புதிய டிராக்டர் ஆறு லட்சத்தை ஒட்டி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியதால் புதியது வாங்கும் ஆசை கூடியிருக்கிறது, நியாயமான ஆசைதான். ஆனாலும் எஞ்சின் கட்டும் செலவு புதிய வண்டி விலையில் எட்டரை சதவீதம். கியர் பெட்டியும் ஹைட்ராலிக்கும் நன்றாக இருக்கிற வண்டியை எஞ்சின் புகைக்காக விற்பவர் கணக்கில் தோற்கிறார்.

கட்டாமல் ஓட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் எண் இருக்கிறது. முழுச் சுமையில் இந்த எஞ்சின் மணிக்கு எட்டரை லிட்டரை ஒட்டிக் குடிக்கும். பாதிச் சுமையில் நாலரை லிட்டர் என்று கொள்வோம். மும்பையில் டீசல் லிட்டர் 90 ரூபாய் என்ற கணக்கில் மணிக்கு 405. தேய்ந்த எஞ்சின் 10 சதவீதம் கூடுதலாகக் குடித்தால் மணிக்கு 40 ரூபாய் வீண். பத்து மணிக்கு அரை லிட்டர் ஆயில் எரிந்தால் இன்னும் 15. மணிக்கு 55 ரூபாய் என்றால், 51,000 ரூபாய் 930 மணிக்குள் புகையாகப் போய்விடும். கம்ப்ரசர் வேலையில் நாளுக்கு ஆறு மணி ஓடும் வண்டிக்கு அது 155 நாள். செம்பூரை ஒட்டிய மாகுலில் 1950-களின் நடுவிலிருந்து இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் டீசல் வடிக்கின்றன. அவற்றின் நிழலிலேயே வண்டி ஓடினாலும் டீசல் மலிவாகக் கிடைக்கப் போவதில்லை.

டீசல் பம்ப் வரியில் 7,000 ரூபாயைப் பார்த்து மலைக்கிறவர்கள் உண்டு. 2,100 சுற்றில் மூன்று நாசில்களும் சேர்ந்து மணிக்கு 1,89,000 முறை தெளிக்கின்றன. எட்டரை லிட்டரை அதால் வகுத்தால் ஒரு தெளிப்புக்கு 45 கன மில்லிமீட்டர். ஒரு மில்லிலிட்டர் டீசலை 22 தடவை பங்கு போட வேண்டும், மூன்று சிலிண்டருக்கும் சமமாக. பம்ப்பின் உள்ளே உருளைக்கும் உறைக்கும் இடைவெளி 2, 3 மைக்ரான். இதை வீட்டு முற்றத்தில் பிரிக்கக் கூடாது. மீதி எஞ்சின் முழுவதையும் முதல் முறை செய்கிறவர் தன் கையால் கட்டலாம்; பம்ப்பை மட்டும் காலிப்ரேஷன் மேடை உள்ள இடத்துக்கு அனுப்புவதுதான் முறை.

உதிரிபாகங்களின் ஊர்களைப் பார்த்தால் தமிழர்களான நமக்கு ஒரு சொந்தம் தெரியும். 1949-இல் சென்னையில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1961-இல் தொடங்கிய பைமெட்டல் பேரிங்ஸ், இரண்டும் சிம்சன் நிறுவனத்தை நடத்தும் அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தவை. சென்னைச் செம்பியத்தின் வார்ப்படமும் கோவைப் பக்கத்துப் பேரிங்கும் குர்லா சிஎஸ்டி சாலைக் கடைகளுக்கு வந்து, மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்து பேசும் பட்டறைகளில் எஞ்சினுக்குள் இறங்குகின்றன. அளவுக் கருவிகளுக்கு நாக்தேவி தெரு. மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச் நான்கையும் சொந்தமாக வாங்கினால் எட்டாயிரம், பத்தாயிரம் ஆகலாம். ஒரே எஞ்சினுக்கு அது அதிகம். கடைசல் பட்டறையிலேயே அளக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று, எண்களை நம் கையால் எழுதிக்கொள்வது போதும். 'ஓகே' என்ற சொல்லை வாங்கிக்கொண்டு வரக் கூடாது, எண் வேண்டும்.

மழைக்காலத்தில் எஞ்சினைத் திறப்பதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாந்தாகுரூசில் பெய்யும் சராசரி 2,300 மி.மீ-ஐ ஒட்டியது, காற்றில் உப்பு வேறு. கடைந்து வந்த கிராங்கும் ஹோன் செய்த சிலிண்டரும் ஒரே இரவில் செம்பழுப்பு பூக்கும். அந்தத் துருவை எமரித் துணியால் தேய்த்தால் காசு கொடுத்து வாங்கிய மைக்ரான்கள் போய்விடும். பட்டறையிலிருந்து வாங்கும்போதே எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துவர வேண்டும். ஹோன் செய்த சுவரைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். டீசலில் கழுவினால் போதும் என்பது தவறு; ஹோனிங் கல்லின் பொடி டீசலுக்கு அசையாது.

பிரிக்கும்போது கவனம் ஒன்றே ஒன்றில். மெயின் கேப் நான்கு, கன்ராட் கேப் மூன்று. இந்த ஏழும் தத்தம் இடத்தில் மாட்டிய நிலையில்தான் துளையிடப்பட்டவை. இடம் மாறினாலும் திசை மாறினாலும் துளை வட்டமாக இருக்காது. எண் குத்தாமல் ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம்.

கேஸ்கெட் வாங்குவதில்கூட ஒரு கணக்கு உண்டு. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 683 கன செ.மீ. அமுக்க விகிதம் 17 என்றால் பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் இடம் 42.7 கன செ.மீ. வழக்கத்தைவிட 0.3 மி.மீ கூடுதலாகத் தடித்த கேஸ்கெட் போட்டால் அதில் 1.9 கன செ.மீ கூடி விகிதம் 16.3-க்கு இறங்கும். மாறாக, ஹெட்டைச் சமன் செய்ய 0.3 மி.மீ சீவினால், ஹெட்டில் உள்ள வால்வு அந்த அளவுக்குப் பிஸ்டனை நெருங்கும். சீவியது எவ்வளவு என்று எழுதி வாங்காமல் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

பழைய பொருளால் வரவு உண்டா? மூன்று அலுமினிய பிஸ்டன், லைனர்கள், வால்வுகள், பேரிங் ஓடுகள் எல்லாம் காயலான் எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் அலுமினியம் உருகிக் கட்டியாகி மறுபடி உலகத்துக்குப் போகிறது. அந்தத் தொழிலுக்கு நம் பிஸ்டன்கள் நல்ல தீனி. வடித்த கறுப்பு ஆயில் 8 லிட்டர் வேறு கதை. 2016-இன் அபாயக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியது. சாக்கடையில் ஊற்றினால் மித்தி ஆற்றில், அங்கிருந்து மாகிம் கழிமுகத்தில். தாராவியின் ஓரமாக ஓடும் தண்ணீர் அது. அங்கே நம்மவர்களின் வீடுகள் இருக்கின்றன.

33 கிராம் இரும்பைத் தின்றது எது என்பதற்கும் எண் சொல்லியாக வேண்டும். முழு வேகத்தில் இந்த எஞ்சின் மணிக்கு 110 கன மீட்டரை ஒட்டிக் காற்றை இழுக்கிறது. 2009-இன் தேசியக் காற்றுத் தர அளவுப்படி நுண்தூசி ஒரு நாள் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அந்த 'நல்ல' காற்றிலேயே 6,000 மணியில் 66 கிராம் தூசி. கல் உடைக்கும் இடத்தில் இருபது மடங்கு என்று வைத்தால் 1.3 கிலோ. வடிகட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைப் பிடித்தாலும் 13 கிராம் உள்ளே போய், எண்ணெயோடு கலந்து, உப்புத்தாள் போல வேலை செய்யும். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் அந்தத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் பொருளில்லை. 51,000 செலவழித்துக் கட்டிய எஞ்சினில் பழைய வெடித்த குழாயையே திருப்பி மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். குழாயின் விலை சில நூறு ரூபாய்.

கட்டி முடித்தபின் முதல் 50 மணி நேரம் தனிக் கணக்கு. வெறும் ஓட்டமாக நெடுநேரம் நிறுத்தி வைக்கக் கூடாது. ரிங் சுவரோடு படிவதற்கு மிதமான, மாறிமாறி வரும் சுமை வேண்டும். சும்மா ஓட்டினால் சுவர் கண்ணாடியாகி, ஆயில் குடிக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 50 மணியில் ஆயிலும் வடிகட்டியும் மாற்ற வேண்டும்; பட்டியலில் ஆயிலை இரண்டு தடவை எழுதியது அதற்குத்தான். மேனுவல் கேட்டால் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி, டேப்பட் இடைவெளியை மறுபடி வைக்க வேண்டும்.

பிறகு அந்த 55 எண்களின் தாள். கிராங்க் எந்தப் படிக்குக் கடையப்பட்டது, மில்லிமீட்டரா தௌவா, லைனர் புதியதா, ஹெட்டில் எவ்வளவு சீவியது, மணிக்காட்டியில் எந்த எண்ணில் வேலை நடந்தது: இவ்வளவும் தேதியோடு வண்டிப் புத்தகத்தில் ஒட்டியிருக்க வேண்டும். கிராங்குக்கு நான்கு படிதான். 0.50-இல் இருக்கும் கிராங்குக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு; 1.00-இல் இருப்பதற்கு அடுத்த முறை புதிய கிராங்க்தான், பட்டியலின் மூன்றாம் வரியில் 2,500 இருக்கும் இடத்தில் பத்தாயிரக் கணக்கில் எழுத வேண்டிவரும். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்க வேண்டியதும் அந்தத் தாளைத்தான்.